பன்றிக்குக் கட்டிய கம்பி

(பூண்டுலோயாவில் தோட்டத் தொழிலாளரும் மரக்கறிச் செய்கையாளரும் ஆசிரியர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



சம்பள உயர்வைப் பற்றியும் காணியுரிமையைப் பற்றியும் பேசிப் பழகிய மேடை இது. இன்று இதே மேடையில் ஒரு காட்டு விலங்கைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். "மனிதருக்கே நாதியில்லாத இடத்தில் மிருகத்துக்கு மேடையா?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அப்படி எண்ணுவதில் குற்றமில்லை. அந்தக் கேள்விக்கு விடை கூறாமல் நாம் இங்கிருந்து இறங்கப்போவதுமில்லை.

புலி என்றவுடன் இந்நாட்டில் வேறு நினைவுகள் எழுவதுண்டு. நாம் பேசவந்தது நாலுகாற் புலியைப் பற்றி மட்டுமே. அதிலும் ஒரு விளக்கம் வேண்டும். வரிப்புலி இன்று இலங்கைக் காடுகளில் இல்லை. இரத்தினபுரிப் பகுதியில் மண்ணடியிலிருந்து கிடைத்த எலும்பெச்சங்களைக் கொண்டு, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதுவும் இத்தீவில் வாழ்ந்ததென்று அறிஞர் கூறுவர். நம் தோட்டங்களில் நாம் புலியென்று சொல்வதெல்லாம் புள்ளி போட்ட சிறுத்தையைத்தான். இலங்கைச் சிறுத்தை தனியொரு கிளையினம் என்று 1956ஆம் ஆண்டில் பி. இ. பி. தெரணியகல பெயரிட்டு எழுதிவைத்தார். உலகத்தில் வேறெங்கும் காடுகளில் காணமுடியாத அந்த விலங்கு, நம் லயத்துக்கு மேலேயுள்ள தேயிலை மலையில் இரவில் நடந்து போகின்றது.

2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில், மஸ்கெலியாவுக்கு அப்பால் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டிக்கொண்டது. கரிய நிறச் சிறுத்தை இந்நாட்டில் மிக அரிது. வனசீவராசிகள் திணைக்களத்தார் வந்து மயக்கமருந்து செலுத்தி அதை மீட்டனர். வைத்தியத்துக்காக உடவளவைக்குக் கொண்டு சென்றனர். சில நாட்களுக்குள் அது இறந்துபோயிற்று. நாடு முழுவதும் பத்திரிகைகள் அதன் படத்தை வெளியிட்டன, பலர் வருந்தினர். அதற்கு முன்னும் பின்னும் மலையகத் தோட்டங்களில் அதே விதமாகச் செத்துப்போன சாதாரணப் புள்ளிச் சிறுத்தைகளுக்காக அத்தனை பேர் வருந்தவில்லை.

அந்தக் கம்பி எது என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சைக்கிள் பிரேக் கம்பி. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பி. சில வேளைகளில் வேலிக்கம்பி. ஒரு முனையைக் கட்டையிலே கட்டி, மறுமுனையைச் சுருக்காக்கி, விலங்கு நடமாடும் ஒற்றையடிப் பாதையில் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. காவலிருக்க வேண்டியதில்லை; தோட்டா வாங்க வேண்டியதில்லை. பன்றி வந்தால் பன்றி மாட்டும். மரை வந்தால் மரை மாட்டும். சிறுத்தை வந்தால் சிறுத்தை மாட்டும். மாட்டிய விலங்கு இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். சிறுத்தையின் இடுப்பில் அது இறுகினால் உள்ளுறுப்புகள் நசுங்கிப்போகும். மேலே காயமில்லாததுபோல் தோன்றினாலும், மீட்டபின்னரும் அது பிழைப்பது அரிது.

நமக்குத் தெரிந்த முதியவர் ஒருவரிடம் இது பற்றிப் பேசியபோது, "நான் பன்றிக்குத்தான் கட்டினேன் ஐயா, புலிக்குக் கட்டவில்லை" என்று அவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. லயத்துக்குப் பின்னால் கையகலத் தோட்டத்தில் நட்ட கிழங்கையும் போஞ்சியையும் ஓரிரவில் பன்றி கிளறிப் போட்டுவிட்டால், அந்த இழப்பை ஈடு செய்ய யாருமில்லை. இறைச்சி வாங்கக் காசில்லாத வீட்டில் பன்றி விழுந்தால் இரண்டு நாளைக்குக் கறியுமாயிற்று. வறுமை கட்டிய கம்பி அது. ஆயினும், கட்டியவன் மனத்தில் இருப்பது கம்பிக்குத் தெரியுமா? அதே முதியவர் இன்னொன்றும் சொன்னார். ஒருநாள் வைகறையில் கொழுந்து மலைக்குப் போன தாயொருத்தியின் கால் அவர் கட்டிய சுருக்கிலே மாட்டி, அவள் கூடையோடு சரிவில் உருண்டாளாம். அன்றைக்கே தம் கம்பிகளையெல்லாம் அவிழ்த்துவிட்டதாக அவர் கூறினார். பன்றிக்குக் கட்டிய கம்பி நம் தாய்மாரையும் அறியாது. நம் நாய்களையும் அறியாது. உலகத்தில் எஞ்சியிருக்கும் சில நூறு சிறுத்தைகளையும் அறியாது.

சில நூறு என்று நாம் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. இலங்கையில் வளர்ந்த சிறுத்தைகளின் தொகை ஆயிரத்தை எட்டாது என்பதே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு. அவற்றுட் பல, யால, வில்பத்து ஆகிய காவற்காடுகளில் வாழ்கின்றன. அங்கே வெளிநாட்டார் காசு கொடுத்து வண்டியேறி அவற்றைப் பார்க்கின்றனர்; அரசுக்கு வருமானம் கிடைக்கின்றது. ஆனால், மலையகத்துச் சிறுத்தைக்குக் காவற்காட்டு வேலி கிடையாது, காவலாளும் கிடையாது. தேயிலை மலைக்கும் காட்டுத் துண்டுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் லயத்துக்கும் இடையில் அது தன் வழியைத் தேடிக்கொள்கின்றது.

ஏன் இப்படி ஆயிற்று? இந்த மலைகள் ஒரு காலத்தில் முழுக்காடாக இருந்தன. வெள்ளைக்காரர் கோப்பி பயிரிட வந்தபோது அந்தக் காடுகள் தீக்கிரையாயின. மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரி ஒருவரே ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகக் கூறப்படுகின்றது. 1845ஆம் ஆண்டில் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். இன்று நுவரெலியா மலைகளில் யானை எங்கே? 1869ஆம் ஆண்டில் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. அந்த இடத்தில் தேயிலை ஏறிற்று. காட்டை வெட்டச் சொன்னவர் துரை. வெட்டியவர் நம் முன்னோர். பசியோடு கடல் கடந்து வந்து, அட்டைக்கும் குளிருக்கும் காய்ச்சலுக்கும் உயிர் கொடுத்தவர்கள், எந்த மரத்தை விடுவது, எந்த மரத்தை வெட்டுவது என்று தீர்மானிக்கும் நிலையில் இருந்தாரல்லர். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்கலாகாது என்ற விதி 1873ஆம் ஆண்டளவில் வந்தது. ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர் கூறிய ஆலோசனையே அதற்குக் காரணம். இன்று மலையுச்சிகளில் தொப்பி வைத்தாற்போல் எஞ்சியுள்ள காடுகளைக் காணும்போது அந்த விதியை நன்றியோடு நினைக்கின்றோம். அந்தத் தொப்பிகளில்தான் சிறுத்தை பகலில் படுத்திருக்கின்றது. அவற்றிலிருந்துதான் நம் ஓடைகளும் பிறக்கின்றன.

இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பூண்டுலோயா ஆறு கொத்மலை ஓயாவுக்குச் செல்கின்றது. அது மகாவலியோடு கலக்கின்றது. இங்கே மலையுச்சியில் மரம் நின்றால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கோடையிலும் ஊற்றாக வருகின்றது. மரம் போனால் அதே நீர் சேறாக ஒரே நாளில் இறங்குகின்றது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழையில் மலையகம் பட்ட பாட்டை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அத்தகைய பெருமழையைக் காடு மட்டும் தடுத்துவிடும் என்று நாம் கூறவில்லை. வேரில்லாத சரிவு வேருள்ள சரிவைவிட எளிதில் வழுக்கும் என்பதை மட்டுமே கூறுகின்றோம். சிறுத்தை வாழும் காடு, இரையும் நீரும் நிழலும் உள்ள காடு. சிறுத்தை போய்விட்ட காட்டில் அடுத்ததாகப் போவது எது என்று சொல்லத் தீர்க்கதரிசி வேண்டியதில்லை.

உழவர் பெருமக்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இந்தத் தீவில் சிங்கமில்லை, வரிப்புலியில்லை, ஓநாயில்லை. பன்றிக் குட்டியையும், முள்ளம்பன்றியையும், மானையும், மரையையும் அடித்துத் தின்னும் பெரிய வேட்டை விலங்கு சிறுத்தை ஒன்றே. அதைக் கொன்றுவிட்டுப் பன்றி பெருகிற்றென்று கூக்குரலிட்டால், கதவைக் கழற்றி விறகாக்கிவிட்டுத் திருடன் வந்தானென்று அழுவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

அயலில் உள்ள பெரிய நாட்டின் கதையைப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்தில் ஏறக்குறைய ஓரிலட்சம் வரிப்புலிகள் இருந்தனவென்று கணிப்பர். 2010ஆம் ஆண்டில் எஞ்சியவை மூவாயிரத்திருநூறு அளவே. பாலித்தீவின் புலி அழிந்தது. ஜாவாத்தீவின் புலி அழிந்தது. அவ்விரண்டும் நம்முடையதைப் போன்ற தீவுகள் என்பதை மறக்கலாகாது. இந்தியாவில் 1973ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ஒன்பது காடுகளில் புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. இடையில் பெருஞ் சறுக்கலும் நேர்ந்தது. இராசத்தான் மாநிலத்துச் சரிஸ்காக் காட்டில் சட்டமும் காவலும் பெயர்ப்பலகையும் இருந்தன. 2005ஆம் ஆண்டில் எண்ணிப் பார்த்தபோது புலி ஒன்றுகூட இருக்கவில்லை. கள்ள வேட்டையாடுவோர் அத்தனையையும் கொன்றிருந்தனர். 2008ஆம் ஆண்டில் அண்டைக் காடான இரந்தம்போரிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து மீண்டும் குடியேற்றினர். இந்தியா தளராது முயன்றதால் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கே மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட புலிகள் இருப்பதாகக் கண்டனர்.

சரிஸ்காவுக்கு ஓர் இரந்தம்போர் இருந்தது. இலங்கைச் சிறுத்தை அழிந்தால் எந்த அண்டைக் காட்டிலிருந்து நாம் கொண்டுவரப்போகின்றோம்? கடலுக்கு இப்பால் உள்ளதே முதலும் முடிவும். அதனால்தான் இங்கே ஒவ்வொரு கம்பியும் கணக்கில் வருகின்றது.

நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த திருநெல்வேலிச் சீமையிலும் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, களக்காடு முண்டந்துறைக் காடு. 1988ஆம் ஆண்டில் அது தமிழகத்தின் முதற் புலிகள் காப்பகமாயிற்று. அந்த மலையில் பிறக்கும் தாமிரபரணிதான் நெல்லை வயல்களை நனைக்கின்றது. புலி வாழும் காட்டின் நீரையே அங்குள்ள உழவன் உண்கின்றான்.

இரண்டாவது பாடம் கசப்பானது. அதே மலையில்தான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. சிங்கம்பட்டி சமீன் காட்டில் 1929ஆம் ஆண்டில் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட நிலம் அது. 2024ஆம் ஆண்டில் தோட்டத்தை நடத்திய கம்பெனி, குத்தகை முடியுமுன்னரே வேலையை நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தெடுத்த தொழிலாளர், சொந்தமாக ஒரு முழ மண்ணும் இல்லாத நிலையில் மலையை விட்டு இறங்குமாறு கூறப்பட்டனர். காடு காடாகட்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதற்கான விலையை உழைத்தவன் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகுமா? விலங்குக்கு வாழ்வு கேட்கும் எவரும் மனிதனுக்கும் வாழ்வு கேட்க வேண்டும். இல்லையேல், அந்த மனிதன் விலங்கைத் தன் பகையென்று எண்ணுவான். எண்ணினால், கம்பி கட்டுவான்.

இதற்கு மாறான வழி ஒன்றையும் அயலிலே கண்டிருக்கின்றார்கள். தேக்கடியில், பெரியாற்றுக் காட்டுக்குள் களவாகப் புகுந்து மரப்பட்டை உரித்து விற்று வந்தவர்களை 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் வனத்துறையார் அழைத்துப் பேசினர். வழக்குகளைத் தீர்த்து, அவர்களையே காட்டுக் காவலராகவும் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் ஆக்கினர். காட்டின் மூலை முடுக்கையெல்லாம் அறிந்தவன் திருடனாக இருந்தால் எவ்வளவு தீமையோ, காவலனாக இருந்தால் அவ்வளவு நன்மை. அந்த அறிவு நம் இளைஞரிடம் இல்லையா? எந்தப் பீலியில் சிறுத்தை நீர் குடிக்கும், எந்தக் கானோரம் குட்டி போடும் என்பது கொழும்பிலிருந்து வரும் உத்தியோகத்தரைவிட நம் கொழுந்து மலைப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி, அச்சத்தைப் பற்றியும் பேசவேண்டும். புதருக்குள் கைவிட்டுக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குச் சிறுத்தைமேல் அன்பு வையென்று மேடையிலிருந்து உபதேசிப்பது எளிது. சிறுத்தை தாக்கிக் காயமுற்ற தொழிலாளர் மலையகத்தில் உண்டு. 1924ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பக்கம் புனானையில் சுடப்பட்ட ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பதப்படுத்திக் கொழும்பு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். நூறாண்டு கடந்தும் அந்த ஒன்றையே அனைவரும் எடுத்துக்கூறுவதிலிருந்து, இத்தீவின் சிறுத்தை மனிதனை இரையாகத் தேடித் திரிவதில்லை என்பது விளங்கும். தேயிலைக்குள் மறைந்து குட்டியைக் காக்கும் தாயும், கம்பியில் மாட்டியதும், கூட்டத்தால் சூழப்பட்டதுமே பெரும்பாலும் பாய்கின்றன. 2018ஆம் ஆண்டு யூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தையைச் சூழ்ந்து நின்றபோது பலர் காயமுற்றனர். பின்னர் அதை அடித்தே கொன்றனர். விலகிச் செல்ல வழிவிட்டிருந்தால் அத்தனை குருதி சிந்தியிருக்குமா?

ஆகவே, நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்கின்றோம். காலையில் மலையேறுமுன் தகரத்தைத் தட்டி ஓசையெழுப்புங்கள். சிறுத்தை தானே விலகும். மாட்டையும் ஆட்டையும் இரவில் அடைத்த கொட்டிலில் கட்டுங்கள். லயத்தருகே கழிவைக் கொட்டாதீர்கள். கழிவுக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். குட்டிகளைக் கண்டால் தொடாதீர்கள். தாய் அருகிலேயே இருக்கும். சிறுத்தை மாட்டியதைக் கண்டால் கூட்டம் கூடாமல், வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் கையால் கட்டிய கம்பியை நம் கையாலேயே அவிழ்ப்போம்.

கேட்கவேண்டியவற்றையும் கேட்கின்றோம். தோட்டக் கம்பெனிகளே! உங்கள் மலைகளில் கம்பி தேடி அகற்றும் வேலைக்கு ஆளமர்த்தி, அதற்கும் பேர் போட்டுச் சம்பளம் கொடுங்கள். உச்சிக் காட்டையும் ஓடைக்கரை மரங்களையும் விறகுக்காக விற்காதீர்கள். அரசாங்கத்தாரே! பன்றி அழித்த பயிருக்கும் சிறுத்தை தின்ற மாட்டுக்கும், அலைக்கழிக்காமல் நட்டஈடு கொடுங்கள். 1937ஆம் ஆண்டிலிருந்தே வனவிலங்குகளைக் காக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் உண்டு. அந்தச் சட்டம் கம்பி கட்டிய ஏழையைப் பிடிக்கும்போது, காட்டை வளைத்துக்கொண்ட செல்வனையும் பிடிக்கட்டும். சிறுத்தையின் பெயரால் எந்தத் தொழிலாளியின் குடியிருப்பும் பறிக்கப்படலாகாது. சொந்தக் காணி உடையவனே மண்ணையும் மரத்தையும் பேணுவான். நாளை தன்னுடையதில்லை என்றிருப்பவனிடம் நாளையைக் காக்கச் சொல்வது எங்ஙனம்?

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கூறுகின்றோம். மனிதருக்கே நாதியில்லாத இடத்தில் மிருகத்துக்கு ஏன் மேடை? இந்த மலை நம்முடையது என்று உரிமை கேட்பவர்கள் நாம். 1948ஆம் ஆண்டில் நம் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964ஆம் ஆண்டில் இரு நாட்டுப் பிரதமர்கள் நம்மைத் தலையெண்ணிப் பங்கிட்டார்கள். நம்மை இங்கே வந்து போகும் கூலிகளென்று எண்ணியவர்கள் இருந்தார்கள். வந்து போகிறவன் காட்டைப் பற்றிக் கவலைப்படமாட்டான், வீட்டுக்காரன்தான் கவலைப்படுவான். இந்த மலையின் மரத்துக்கும் நீருக்கும் விலங்குக்கும் பொறுப்பேற்கும் நாளில், நாம் இந்த மண்ணின் வீட்டுக்காரர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நாளைக் காலை மலைக்குப் போகும் வழியில் உங்கள் கண்ணில் ஒரு கம்பி படக்கூடும். அது யாருடையதென்று விசாரித்துக்கொண்டிராமல் அவிழ்த்தெடுத்து வாருங்கள். அத்தனையையும் அடுத்த கூட்டத்தில் இந்த மேசைமேல் குவிப்போம். எத்தனை இறாத்தல் நிற்கின்றதென்று கொழுந்து நிறுக்கும் தராசிலேயே நிறுத்துப் பார்ப்போம்.